‘ஆஃப்லைன்ல பேசிக்கலாம்’ என்று சொல்லி நான் தொலைத்த 9 நாட்கள்

டீம் லீட் ஆன முதல் வாரமே நான் செய்த வேலை, காலண்டரைத் திறந்து தினமும் காலையில் ஒரு மீட்டிங், வியாழக்கிழமை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பெரிய மீட்டிங் என்று போட்டதுதான். யாரும் போடச் சொல்லவில்லை. என்னையும் சேர்த்து குழுவில் 12 பேர். நேற்று வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கோட் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று 11 பேர் வேலைக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்றதும் வயிற்றைக் கலக்கியது. எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, அவரவர் வாயால் “போயிட்டிருக்கு”, “இன்னைக்கு முடிஞ்சிடும்” என்று கேட்டால் அந்தக் கலக்கம் மத்தியானம் வரைக்கும் அடங்கும். மறுநாள் காலை மறுபடி வரும், மறுபடி மீட்டிங். என் பயத்துக்கு நான் மருந்து சாப்பிட, 11 பேர் பத்தியம் இருந்தார்கள் என்று இப்போது புரிகிறது. அப்போது அதற்கு ‘ஒருங்கிணைப்பு’ என்று பெயர் வைத்திருந்தேன்.

ஏழு மாதம் இப்படியே ஓடியது. காலை மீட்டிங் 15 நிமிடம் என்றுதான் போட்டிருந்தேன். மென்பொருள் குழுக்கள் வேலையைப் பிரித்துச் செய்யப் பின்பற்றுகிற ஸ்க்ரம் முறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், தினசரி கூட்டத்துக்கு அதில் அதிகபட்சம் 15 நிமிடம்தான். எங்களுடையது 40 நிமிடத்துக்குக் குறைந்து முடிந்ததே இல்லை. வியாழக்கிழமை மீட்டிங்கில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் லேப்டாப்பில் வேறு வேலை பார்ப்பார்கள், தங்கள் முறை வந்ததும் தலையைத் தூக்கி “என்ன கேட்டீங்க?” என்பார்கள். எனக்குக் கோபம் வரும். ‘அக்கறையே இல்லை’ என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன். தனக்குச் சம்பந்தமில்லாத 80 நிமிடத்தை ஒரு மனிதன் வேறு எப்படித்தான் கழிப்பான் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அப்புறம்தான் அந்த வேலை வந்தது. ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பழைய பில்லிங் விவரங்களை எல்லாம் நாங்கள் கட்டிய புதிய சிஸ்டத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு சனிக்கிழமை இரவு மாற்றுவது, திங்கள் காலை அவர்கள் புதியதில் வேலை தொடங்குவது என்று திட்டம். அதற்கு முந்தைய வியாழக்கிழமை மீட்டிங்கில் எல்லாம் பேசினோம். பேசினோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை பத்து மணிக்கு போன் வந்தது. இன்னும் கெடுவே வராத பில்களுக்கெல்லாம் ‘பணம் கட்டவில்லை, உடனே கட்டவும்’ என்று அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கு எங்கள் சிஸ்டம் தானாகவே நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது. நடந்தது இதுதான். பழைய சிஸ்டத்தில் தேதி நாள், மாதம் என்ற வரிசையில் இருந்தது. நாங்கள் எழுதிய புரோகிராம் முதலில் மாதம், பிறகு நாள் என்று படித்துப் பார்க்கும், பொருந்தாவிட்டால் மாற்றிப் படிக்கும். 25/08 என்று இருந்தால் 25-வது மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால் சரியாக ஆகஸ்ட் 25 என்று எடுத்துக்கொள்ளும். 05/08 என்று இருந்தால்? மே 8 என்று நிம்மதியாக உள்ளே போய்விடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. நாங்கள் சோதித்துப் பார்த்த மாதிரி பில்கள் அத்தனையும் மாதக் கடைசியில் கெடு முடிகிறவை. அதனால் சோதனையில் எல்லாம் பச்சை. நிஜத்தில், மாதத்தின் முதல் 12 நாட்களில் தேதி விழுந்த பில்கள் கிட்டத்தட்ட எல்லாமே தலைகீழ். 07/07 மாதிரி நாளும் மாதமும் ஒன்றாக இருந்தவை மட்டும் தப்பித்தன, அதுவும் நம்ம புண்ணியத்தில் இல்லை.

பழையதுக்கே திரும்பிப் போகலாம் என்றால், போன் வருவதற்குள் அவர்கள் புதிய பில்களைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒப்பிட்டு, திருத்த 9 நாள் ஆனது, நடுவே வந்த சனி ஞாயிறும் சேர்த்து. நான்கு பேர் இரவில் மாறி மாறி உட்கார்ந்தோம். அந்த வருட ஊக்கத்தொகையில் எனக்குப் பாதிக்கு மேல் போனது, அதைவிட, எனக்குப் பக்கபலமாக உட்கார்ந்த மூன்று பேருக்கும் குறைத்தார்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. மேலாளர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “இதைப் பத்தி மீட்டிங்ல பேசலையா?” நான் கொஞ்சமும் யோசிக்காமல் “பேசினோம் சார்” என்றேன்.

அந்த வியாழக்கிழமை மீட்டிங் பதிவாகியிருந்தது, வீட்டிலிருந்து இரண்டு பேர் சேர்ந்ததால். எட்டாவது நாள் இரவு தூக்கம் வராமல் அதைப் போட்டுக் கேட்டேன். நான் சொன்னதை யாரோ சரியாகச் செய்யவில்லை என்று நிரூபிக்க ஏதாவது கிடைக்கும் என்ற அற்ப ஆசைதான், மறைக்க என்ன இருக்கிறது. ஒரு பேப்பரில் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று குறிக்க ஆரம்பித்தேன். மொத்தம் 94 நிமிடம். அதில் நான் 49. ஐந்து பேர் “கேட்குதா?”, “ஓகே” தவிர எதுவும் பேசவில்லை. இன்வாய்ஸில் லோகோ இடது பக்கமா வலது பக்கமா என்பதற்கு 23 நிமிடம். டேட்டா மாற்றத்துக்கு 6 நிமிடம். அந்த ஆறாவது நிமிடத்தில், டெஸ்டிங் பார்க்கிற பெண், குழுவிலேயே வயதில் சின்னவர், “அந்த டேட் ஃபார்மட் வந்து...” என்று ஆரம்பிக்கிறார். என் குரல் குறுக்கே வருகிறது: “அதை ஆஃப்லைன்ல பேசிக்கலாம்மா, டைம் ஆச்சு.” அதாவது, மீட்டிங் முடிந்து தனியாக. லோகோவுக்கு 23 நிமிடம் கொடுத்த அதே குரல்.

மறுநாள் அவரிடம் போய்க் கேட்டேன். அவர் நோட்டைத் திறந்து காட்டினார். வியாழக்கிழமை தேதியிட்ட பக்கத்தில் ‘12 வரை மாறிப் போகும், கேட்கணும்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. “அப்புறம் ரெண்டு தடவை உங்க இடத்துக்கு வந்தேன். நீங்க மீட்டிங்ல இருந்தீங்க” என்றார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் மாற்றியது, மாற்றிச் சொதப்பியது எல்லாவற்றையும் எழுதுகிறேன். புதிதாக லீட் ஆகிறவர் யாராவது இருந்தால் என்னைப் போல அடிபட்டுத்தான் கற்க வேண்டும் என்றில்லை.

முதல் வேலையாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் 40 நிமிடம், 12 பேர் என்றால் 8 மணி நேரம், அதாவது ஒரு ஆளின் முழு நாள் வேலை ஒவ்வொரு நாளும். வியாழக்கிழமை ஒன்றரை மணி நேரம் 12 பேருக்கு 18 மணி. வாரத்துக்கு மொத்தம் 58 மணி நேரம். வாரம் 40 மணி நேர வேலை என்று வைத்தால், 12 பேர் குழுவில் கிட்டத்தட்ட ஒன்றரை ஆளை மீட்டிங்குக்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருந்தேன். ஏழு மாதத்தில் சுமார் 30 வாரம், 1740 மணி நேரம். ‘ஆள் பத்தவில்லை, இன்னும் ஒருவர் வேண்டும்’ என்று அதே சமயத்தில் மேலே எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தவனும் நானேதான்.

இந்தக் கணக்கைப் பார்த்த ஆவேசத்தில் நான் எல்லா மீட்டிங்கையும் ரத்து செய்தேன். அது அடுத்த தவறு. மூன்றாவது வாரத்தில் இரண்டு பேர் ஒரே வேலையைத் தனித்தனியாக நான்கு நாள் செய்து முடித்திருந்தார்கள், இருவரும் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள். அதனால் ‘மீட்டிங்கே வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதை எழுத்தில் வைப்பது, எதை வாயால் பேசுவது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். என் அனுபவத்தில் ஸ்டேட்டஸ், அதாவது யார் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பது, எழுத்துக்குப் போகலாம். முரண்பாடு, முடிவு, மனவருத்தம் மூன்றும் நேரில்தான். குறிப்பாக ஒருவரோடு ஒருவர் தனியாகப் பேசுகிற அரை மணி நேரத்தை வெட்டாதீர்கள், நான் வெட்டி, ஒருவர் வேலையை விடப்போகிறார் என்பது கடைசி ஆளாகத் தெரிந்து அவமானப்பட்டிருக்கிறேன்.

ஸ்டேட்டஸை எழுத்தில் கேட்டபோது முதலில் வந்ததெல்லாம் ‘நேற்றைய வேலை தொடர்கிறது’ ரகம். ஆளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, என் கேள்வி அப்படி. ‘என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால் யாருமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதுவார்கள். கேள்வியை மாற்றினேன்: எது நிற்கிறது, யாருக்காக நிற்கிறது, எப்போதிலிருந்து நிற்கிறது. எதுவும் நிற்கவில்லை என்றால் எழுதவே வேண்டாம். இப்போது பத்து மணிக்கு இரண்டு மூன்று வரி வரும், அதில் பெயர் வருகிறவர்கள் மட்டும் பத்து நிமிடம் நின்று பேசிவிட்டுப் போவார்கள்.

அஜெண்டா விஷயத்தில் நான் கண்டுபிடித்த ஒன்று எனக்கே பெருமையாக இருக்கிறது. முன்பெல்லாம் ‘டேட்டா மைக்ரேஷன்’, ‘இன்வாய்ஸ் டிசைன்’ என்று தலைப்புகளாகப் போடுவேன். தலைப்பு என்றால் பேசிக்கொண்டே இருக்கலாம், முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இப்போது கேள்வியாக மட்டும்தான் எழுதுகிறேன்: ‘சனிக்கிழமை மாற்றலாமா, ஒரு வாரம் தள்ளலாமா?’ பதில் கிடைத்ததும் அந்த விஷயம் முடிந்தது. கேள்வியாக எழுத வரவில்லை என்றால் அதைப் பேச இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம், மீட்டிங்கை ரத்து செய்துவிடுவேன். பெரிய விஷயமாக இருந்தால் ஒரு பக்கம் எழுதி வைத்து, முதல் பத்து நிமிடம் எல்லாரும் அதைச் சத்தமில்லாமல் படிக்கிறோம். அமேசானில் ஆறு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, கூட்டத்தின் தொடக்கத்தில் மௌனமாகப் படிக்கிற வழக்கம் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும், அதன் ஏழை வடிவம் இது. முதல் தடவை பரீட்சை ஹால் மாதிரி இருந்தது, ஒருவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் ‘முன்னாடியே அனுப்பினேனே, படிக்கலையா?’ என்ற சண்டை அதோடு போயிற்று.

லோகோவுக்கு 23 நிமிடம் போனது ஏன் என்பதைப் பற்றி கொஞ்சம் படித்தேன். பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1957-லேயே இதைக் கிண்டலடித்து வைத்திருக்கிறார். ஒரு குழு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வாதாடும். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லாருக்கும் புரியும். எங்கள் லோகோதான் கொட்டகை, தேதி வரிசைதான் உலை. இதற்கு நான் வைத்துக்கொண்ட வழி சாதாரணமானது: யாருக்கும் புரியாததை முதலில் வைப்பது, எல்லாருக்கும் கருத்து இருப்பதை ஒரே ஆளிடம் ஒப்படைத்து ‘நீங்களே முடிவு பண்ணிடுங்க’ என்று விட்டுவிடுவது. லோகோ இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை.

யார் முதலில் பேசுவது என்பது இன்னொன்று. லீட் முதலில் தன் கருத்தைச் சொல்லிவிட்டால் மீதிப் பேர் அதைச் சுற்றித்தான் பேசுவார்கள். இப்போது வயதில், அனுபவத்தில் சின்னவர் முதலில், நான் கடைசியில். அதுவும் பேசுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் எல்லாரும் தனித்தனியாக எழுத வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தில் செய்து 1958-ல் வெளியான ஒரு ஆய்வில், நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசித்ததைவிட, தனித்தனியாக யோசித்த நான்கு பேரின் பட்டியலைச் சேர்த்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன. அது எங்களுக்கும் பொருந்தியது. ரிலீஸுக்கு முன்னால் நாங்கள் எழுதுகிற கேள்வி ஒன்றுதான்: ‘ரிலீஸ் முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது, எல்லாம் பாழ். என்ன நடந்திருக்கும்?’ கேரி க்ளைன் என்ற உளவியலாளர் பரப்பிய முறை இது. ‘ஏதாவது பிரச்சினை இருக்கா?’ என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், தடை சொல்கிறவர் என்ற பெயர் யாருக்கு வேண்டும். ஏற்கனவே பாழாகிவிட்டது என்று வைத்துக் கேட்டால் கதை சொல்வது போல வந்து கொட்டும். முதல் முறை செய்தபோது பேப்பர்களைச் சேர்த்தால் 17 விஷயங்கள் தேறின. அதில் நான்கு நிஜமாகவே வெடித்திருக்கும்.

முடிவெடுத்த பிறகு அது காணாமல் போகிற இடம் வினைச்சொல். “பேக்கப் எடுத்துடலாம்”, “கிளையன்ட்கிட்ட கேட்டுடலாம்”, “செஞ்சிடலாம்”, நம் பேச்சில் இந்த ‘லாம்’ ரொம்ப வசதி. யார் என்று சொல்லவே வேண்டாம். பழைய பதிவில் இப்படி எண்ணிப் பார்த்தேன், டேட்டா மாற்றம் பற்றிய அந்த 6 நிமிடத்தில் மட்டும் ஒன்பது ‘லாம்’. ஒருவர்கூட “நான் செய்றேன்” என்று சொல்லவில்லை. இப்போது யாராவது ‘லாம்’ என்றால் “யாரு?” என்று கேட்கிறோம், விளையாட்டாக ஆரம்பித்து வழக்கமாகிவிட்டது. கடைசி ஐந்து நிமிடம் நான் வாசிப்பதில்லை, அவரவர் தன் வாயால் “நான் இதை, இந்த நாளுக்குள்” என்று சொல்ல வேண்டும். மீட்டிங்கில் பேசியதையெல்லாம் ‘மினிட்ஸ்’ என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்புவதையும் நிறுத்திவிட்டோம், யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பெயர், வேலை, தேதி, அவ்வளவுதான். அடுத்த மீட்டிங் அந்தப் பட்டியலில்தான் தொடங்கும்.

இதெல்லாம் நம் கையில் இருக்கிற மீட்டிங்குக்கு. மேலதிகாரி கூப்பிடுகிற மீட்டிங்கை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெரிதாக எதுவும் செய்ய முடியாது. “எந்தப் பகுதிக்கு நான் தேவைப்படுவேன், அதற்கு மட்டும் வரட்டுமா?” என்று கேட்டுப் பார்த்தேன், மூன்று தடவையில் ஒரு தடவை பலித்தது. முறைத்தும் இருக்கிறார்கள்.

‘ஆஃப்லைன்’ என்ற வார்த்தையை நாங்கள் தடை செய்யவில்லை. சில விஷயம் நிஜமாகவே இரண்டு பேர் பேச வேண்டியதுதான், 12 பேர் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. ஆனால் சொல்கிறவர் அந்த இடத்திலேயே நேரம் சொல்ல வேண்டும், காலண்டரில் போட வேண்டும், அதைப் போட்ட பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போவோம். மூன்று மாதமாக வியாழக்கிழமை மீட்டிங்கை நான் நடத்துவதில்லை, அந்த டெஸ்டிங் பெண்தான் நடத்துகிறார். முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார். போன வாரம் ஒரு விஷயத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை, பழக்க தோஷம், “சரி, அதை ஆஃப்லைன்ல...” என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனாவை நோட்டில் வைத்துக்கொண்டு, “எப்போ?” என்றார். நாலு மணி என்றேன். எழுதிக்கொண்டார்.